சந்தா பாக்கி

மதம் மாறியவனுக்கு ஊரில் ஒரு மவுசு உண்டு. ஆதரித்தோ எதிர்த்தோ நாலு பேர் பேசுவார்கள், பத்திரிகையில் எழுதுவார்கள், கோர்ட்டுக்குக்கூடப் போவார்கள். மதத்துக்குள்ளேயே கோயில் மாறியவனை யாரும் சீந்துவதில்லை. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வழிவந்த சி.எஸ்.ஐ. கோயிலில் ஞானஸ்நானம், சண்டே ஸ்கூல், திடப்படுத்தல் எல்லாவற்றையும் முறைப்படி முடித்த ஒருவன், இருபத்திரண்டு வயதில் மாமல்லபுரத்துப் பக்கம் சவுக்குத் தோப்பில் இருந்த பெந்தெகொஸ்தே கீற்றுக் கொட்டகைக்குப் போய்க் கைதட்டிப் பாட ஆரம்பித்தான் என்றால், வெளியாட்களுக்கு ‘அங்கேயும் ஏசு, இங்கேயும் ஏசு, இதில் என்ன வந்தது?’ என்றுதான் தோன்றும். வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் சாமியாராகப் போயிருந்தால்கூட அப்பா சீக்கிரம் மன்னித்திருப்பார். தூரதேசம் போகிறவனைக் கண்ணீரோடு வழியனுப்பலாம். அதே தெருவில் எதிர்வீட்டுக்குக் குடிபோகிறவனை என்ன செய்வது?

போனதற்கு உயர்ந்த காரணங்கள் இருந்தன என்று எங்கள் சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அவை பொய்யில்லை, ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு பாட்டு விவகாரம் இருந்தது. பழைய கோயிலில் பாடகர் குழுவுக்குப் பெரியப்பாதான் தலைவர். உயரமாக இருந்தேன் என்பதற்காக என்னைப் பின்வரிசையில் நிறுத்திவைத்திருந்தார். ஒத்திகையில் ஒருநாள் என் அருகில் வந்து, எதையோ மறந்துவிட்டவர் மாதிரி சற்று நின்று கேட்டார். பிறகு தோளில் கைபோட்டு மெதுவாகச் சொன்னார்: “நீ வாயை மட்டும் அசைடா, போதும். கடவுளுக்குத் தெரியும்.” அதற்கப்புறம் பாமாலையும் கீர்த்தனையுமாக எத்தனையோ பண்டிகைகளில் வாயை மட்டும் அசைத்தேன். என் வாயசைப்பு சுத்தமாக இருந்ததாக அத்தை பாராட்டவும் செய்தாள். இந்த நிலையில்தான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து லோயர் தேர்வுக்குப் படித்த மாமல்லபுரத்துப் பையன் ஒருவன் சொன்னான்: “எங்க சபையில ராகமெல்லாம் யாரும் பார்க்கிறதில்லை பிரதர். எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்லது.” பிரதர் என்று என்னை முதன்முதலில் கூப்பிட்டவன் அவன்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

ரகசியம் காக்க அந்தத் தூரம் போதும் என்று நினைத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று இன்று கார்கள் சீறுகிற பாதைக்கு அப்போது அந்தப் பெருமை கிடையாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்தான் கதி. அந்த பஸ் வயல்களையும் ஏரிக்கரைகளையும் தாண்டி, ஆடு குறுக்கே வந்தால் நின்று, தெரிந்தவர் கைகாட்டினால் நின்று, யாருமே இல்லாத இடத்திலும் டிரைவருக்கு ஏதோ தோன்றினால் நின்று போகும். திரும்பி வரும்போது உச்சிவேளையாகியிருக்கும். வேதகிரி மலையடிவாரத்தில் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக அண்ணாந்து நிற்பார்கள். குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட இரண்டு கழுகுகள் வருகிற நேரம் அது. அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று புதுச் சபையில் சொல்லியிருந்தார்கள். ஆகவே தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் கழுகுகள் வருவதை நிறுத்திவிட்டன. இப்போது யாரும் தடுக்கவில்லை, தலையைத் தாராளமாகத் திருப்பலாம்; பார்க்கத்தான் ஒன்றுமில்லை.

ரகசியம் சீக்கிரமே வெளுத்துவிட்டது. அந்தத் தடத்தில் கண்டக்டராக இருந்தவர்களில் ஒருவர் எங்கள் அத்தை வீட்டு மாமா. “மாப்ளே, ஞாயித்துக்கிழமை காலையில மாமல்லபுரத்துல உனக்கென்ன வேலை?” என்று டிக்கெட் கிழித்தபடியே கேட்டார். சிற்பம் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் என் வெள்ளைச் சட்டையையும் கக்கத்தில் இருந்த பைபிளையும் பார்த்துவிட்டு, “நல்லாப் பாரு” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கொட்டகையை இப்போது நினைத்தாலும் நாசியில் கருவாட்டு வாசம் வந்துவிடும். மேலே கீற்று, கீழே மணல், மணல்மேல் பாய்; ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவில் டோலக்கும் இரண்டு தம்புருவும். முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது மணல் குளிர்ச்சியாக இறங்கிக்கொடுக்கும். நண்டு ஒன்று பாய்க்கடியில் ஊர்ந்து போய் ஒரு சகோதரியின் ஆவேச ஜெபத்தைச் சட்டென்று வேறு ஆவேசமாக மாற்றிவிடும். சிற்பிகளின் உளிச்சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது. பாஸ்டர் மூச்சு வாங்குகிற இடங்களில் அது ‘டக் டக்’ என்று ஆமென் சொல்லும். நாகர்கோவில் பக்கத்து மனிதர் அவர், எல்லோரையும் ‘மக்களே’ என்பார். ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று யாருக்கும் தெரியாது. கடிகாரம் கட்டியிருந்த ஒரே ஆளான நானும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பழைய கோயிலில் பன்னிரண்டு நிமிஷப் பிரசங்கத்துக்கே நெளிந்தவன் இங்கே இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். நான் பாடினேன். காது செவிடாகப் பாடினேன். யாரும் தோளில் கைபோடவில்லை.

அந்த ஆவணியில் எனக்குக் கடலில் ஞானஸ்நானம். குழந்தையாக இருந்தபோது நெற்றியில் தெளித்த தண்ணீர் செல்லாது, முழுக்கு எடுக்க வேண்டும் என்பது புதுச் சபையின் கட்டளை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வெள்ளை உடுத்திய நாங்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, “அங்க பள்ளம் இருக்குதுய்யா, இன்னும் கொஞ்சம் தெக்கால தள்ளிப் போங்க” என்று கத்தினார். பாஸ்டர் கேட்கவில்லை. “மக்களே, மூச்சப் பிடிச்சுக்கோ” என்று என் தலைமேல் கை வைத்து அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் அலை வந்து எங்கள் இருவரையும் சேர்த்தே முழுக்கியது. எனக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது வங்காள விரிகுடாதான். பாஸ்டர் எழுந்து, வேட்டியை இறுக்கி, சம்பிரதாயத்துக்கு இன்னொரு முறை கொடுத்தார். பழைய மனிதனைக் கடலோடு விட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தார்கள். பழைய மனிதன் போனானோ என்னவோ, மூக்குக் கண்ணாடி போய்விட்டது.

கண்ணாடி இல்லாமல், தலைமுடியில் மணலோடு வீட்டு வாசலில் நின்றவனை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். மாமா ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். “முழுகிட்டியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரோ செத்த வீட்டில் கேட்கிற அழுகை சமையலறையிலிருந்து வந்தது.

மறுநாள் குடும்பம் கூடியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும்: வேறு சாதிப் பெண்ணுக்காகவோ, படிக்கப் போட்ட பணத்தை நாடகத்தில் விட்டதற்காகவோ. எல்லாப் பஞ்சாயத்துக்கும் ஒரே நாற்காலி ஏற்பாடுதான். பெரியப்பா ஈசிசேரில், அப்பா ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அத்தை கதவு மறைவில், குற்றவாளி முக்காலியில். புது உபதேசம் சரியா தவறா, அந்நியபாஷை வேதத்தில் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள் என்று இரவெல்லாம் வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. “தங்கச்சி கல்யாணத்தை எந்தக் கோயில்ல வைக்கிறது?” என்றாள் அத்தை. “அறுப்பின் பண்டிகை ஏலத்துல இனி நம்ம குடும்பத்துக்கு என்ன மரியாதை?” என்றார் பெரியப்பா. அவர் கவலை நியாயமானது. ஒரு பூசணிக்காயைச் சந்தை விலைக்குப் பத்து மடங்கு ஏற்றிக் கேட்டு, வாங்கியதை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுகிற குடும்பம் எங்களுடையது. கடைசியில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: “சந்தா கட்டலன்னா கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. எங்க போய்ப் படுக்கப்போறான்னு கேளு.” இருபத்திரண்டு வயதுக்காரனை அசைக்கக்கூடிய வாதமா அது?

ஆயாதான் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். “இவங்க கொள்ளுத்தாத்தா வேதத்துக்குப் போனப்ப அவங்க ஆத்தா சோத்துச் சட்டிய வெளிய வெச்சா. ஊர்ல கூலி வேலை குடுக்கல. அப்புறம் அதே ஆத்தாதான் வெள்ளைச் சேலை கட்டிக்கினு மொத பெஞ்சுல குந்தினா. விடு, எல்லாம் சரியாப் பூடும்.” அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அது வேறு, இது வேறு என்றார்.

எவ்வளவு வேறு என்று பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன், தெரிந்தபோது சிரிப்பும் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் காலம் 1890களின் தொடக்கம். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கையும், அதன் பின்னால் பிறகு பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 1892 ஆணையும் வந்த நேரம். ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இந்த மக்களுக்குச் சொந்த நிலமும் குடியிருப்பும் வேண்டுமென்று அலைந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கிற மெல்ரோசாபுரம் அப்படி உண்டானதுதான். அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால், சென்னையில் ஜான் ஆண்டர்சன் நடத்திய ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்த ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு மாணவர்கள் 1841இல் ஞானஸ்நானம் வாங்கியபோது, வீடுகள் அலறின. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டமாகப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. இன்று அதில் இடம் வாங்கித் தரச் சொல்லி எல்லா மதத்துப் பெற்றோரும் சிபாரிசுக் கடிதத்தோடு நிற்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை அந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் சொந்தக் கதை. 1843இல் அவர்கள் ஊரிலேயே சபை இரண்டாக உடைந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீடு, சம்பளம், கோயில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி ஃப்ரீ சர்ச் என்று புதுச் சபை கண்டார்கள். சென்னையிலிருந்த ஆண்டர்சனும் தோழர்களும் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். ஆக, எங்கள் குடும்பம் ‘நம்ம பரம்பரைக் கோயில்’ என்று கட்டிக்காத்தது, தாய்ச்சபையைப் பகைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களின் புதுச் சபையைத்தான். அதுவும் சும்மா இருந்ததா? 1900இல் அங்கே இன்னொரு சபையோடு இணைந்தார்கள். 1908இல் இங்கே தென்னிந்திய ஐக்கிய சபை என்றானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கனும் மெத்தடிஸ்டும் சேர்ந்து சி.எஸ்.ஐ. பிறந்தது. எங்கள் தாத்தா அதே பெஞ்சில், அதே தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சபை மாறிக்கொண்டிருந்தார். பஸ் ஏறிப் போய் மாறியது மட்டும்தான் நான் செய்த புதுமை. எங்கள் வீடும் அப்படித்தான்: செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, எம்.ஜி.ஆர். பெயரைச் சேர்த்துக்கொண்ட செங்கை மாவட்டத்தில் இருந்தது, 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது, 2019இல் மறுபடி செங்கல்பட்டுக்கே வந்தது. ஒரு செங்கல்கூட நகரவில்லை.

ஆனால் 1987இல் இந்த அறிவெல்லாம் எனக்கு ஏது? அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் முற்றிலும் அல்ல; தங்கச்சி வழியாகப் பேசினார். “அவனைச் சாப்பிடச் சொல்லு” என்பார், நான் இரண்டடி தூரத்தில் இருப்பேன். “சாப்பிட்டாச்சுன்னு சொல்லு” என்பேன். நடுவில் நின்ற தங்கச்சி சிறிது காலத்தில் தொழில் கற்றுக்கொண்டு, இரண்டு பக்கமும் சொல்லாத கடுமையான வாக்கியங்களைச் சொந்தமாகச் சேர்க்க ஆரம்பித்தாள். அந்த மௌனத்தில் எவ்வளவு அக்கறை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒருவன் எந்தக் கோயிலில் முழங்கால் போடுகிறான் என்பதற்காக இன்னொருவர் மாதக்கணக்கில் சோற்றை ருசியில்லாமல் சாப்பிட்டார் அல்லவா?

நானோ பெருமிதத்தில் மிதந்தேன். சினிமாவை விட்டேன், விட்ட கையோடு அந்தத் தீபாவளிக்கு ‘நாயகன்’ வந்தது. ஊரே பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்று பேச, நான் உள்ளே உரக்க வேதம் வாசித்தேன். அடுத்து கிறிஸ்துமஸ். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. வேதத்தில் தேதி இல்லை என்பது காரணம். புதுச்சட்டை போட மாட்டேன், கேக் தொட மாட்டேன், பிரியாணியைத் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்று என் முதல் கொள்கைப் போருக்கு ஆயத்தமானேன். அம்மாவின் கண்ணீரை எதிர்கொள்ள வசனங்கள்கூடத் தயார். டிசம்பர் 24 விடிந்தபோது எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை, சொல்லிவைத்த கேக் வரவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் யாருமே கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை. நான் புறக்கணித்தது யார் கண்ணிலும் படவில்லை. இரவு எல்லோரும் சேர்ந்து ரசம் சோறு சாப்பிட்டோம். “நீ கொண்டாட மாட்டேன்னு சொன்ன நேரம்டா” என்று அம்மா மூக்கைச் சிந்தினாள், எம்.ஜி.ஆர். சாவையும் என் கணக்கில் எழுதி.

கல்யாணம் புதுச் சபையிலேயே நடந்தது. மணப்பெண் கழுத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது, காதிலும் கிடையாது. அந்தக் காலத்தில் ‘சிலோன் பெந்தெகொஸ்தே’ என்று ஊரார் சொன்ன சபையின் பழக்கம் எங்கள் பக்கத்துச் சின்னச் சபைகளையும் தொற்றியிருந்தது. கேரளத்தில் பிறந்து இலங்கைக்குப் போன ராமன்குட்டி என்பவர் பாஸ்டர் பால் ஆகி 1920களில் கொழும்பில் தொடங்கியது அது. வெள்ளை உடை, நகையில்லா மேனி, மருந்தில்லா வைத்தியம். தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் அவர்கள் கன்வென்ஷன் நடக்கும்போது ரயிலில் பார்த்தால் பெட்டி பெட்டியாக வெள்ளை இறங்கும். மருமகளின் வெறுங்கழுத்தைப் பார்த்து அம்மா போட்டோ எடுக்கவே ஒப்பவில்லை. கழற்றிய நகைகளை விற்றுக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார்கள். இப்போது எங்கள் சபைக் கல்யாணங்களில் மணமேடைக்கு வருகிற பெண்களின் தங்கத்தைப் பார்த்தால் விளக்கே வேண்டாம் என்று தோன்றும். கழற்றச் சொன்னவர்களின் பேத்திகள்தான். என் மனைவி அன்றைய பவுன் விலையையும் இன்றைய விலையையும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள், அதற்கு மேல் பேசவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் சவுக்குத் தோப்புக்கு விலை வந்தது. நிலத்துக்காரர் யாருக்கோ விற்றுவிட்டார், எங்களைக் கிளப்பினார்கள். சாலைக்கு மேற்கே, கடல் தெரியாத ஓர் இடத்தில் கான்கிரீட் கட்டடம் எழுப்பினோம். மணல் போயிற்று, உளிச்சத்தம் போயிற்று; அந்த நிலத்துக்காரரைச் சபித்து ஜெபித்தவர்களில் நானும் ஒருவன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை தொடங்கிய நேரத்தில் கடல் உள்ளே வந்தது. பழைய கொட்டகை இருந்த இடத்தில் வெகுநேரம் தண்ணீர் நின்றது. எங்கள் கட்டடத்தில் மீனவக் குடும்பங்கள் வந்து தங்கின. இந்து யார், கத்தோலிக்கர் யார் என்று பந்தியில் யார் பார்த்தார்கள்? செங்கல்பட்டுப் பழைய கோயிலிலிருந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அரிசி மூட்டைகளோடு வேனில் வந்தார்கள். முன் சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். பேரப்பிள்ளை பிறந்த பிறகு என்னோடு பேச ஆரம்பித்திருந்தாரே தவிர, எங்கள் சபையின் படியேறியது கிடையாது. “எங்கே இறக்கணும்?” என்று கேட்டார். உள்ளே வந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டு, “ஒரு பெஞ்சுகூட இல்லையா உங்ககிட்ட?” என்றார். அன்றைக்கு அவர் தரையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பெஞ்சு என்ன, எல்லாம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி, பிறகு மெத்தை நாற்காலி, ஏ.சி., பின்சுவரில் எல்.இ.டி. திரை. கடலில் இறங்குவதில்லை, மேடைக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டிய தொட்டி, கைப்பிடியோடு. யாருக்கும் கண்ணாடி தொலைவதில்லை. ‘நாயகன்’ வசனத்தைப் பாஸ்டர் பிரசங்கத்தில் உவமையாக எடுத்தாள்கிறார். கத்தோலிக்கக் குருவாக இருந்து எங்கள் பக்கம் வந்த பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பாடல்களை அன்று ஒளித்துவைத்து கேசட்டில் கேட்டோம். இன்று பழைய கோயிலிலேயே டிரம்ஸ் வைத்து, கைதட்டிப் பாடுகிறார்கள். எங்கள் சபையிலோ பாடகர் குழு வந்துவிட்டது. முறையாக இசை படித்த ஓர் இளைஞன் அதற்குத் தலைவன். போன ஈஸ்டர் ஒத்திகையில் என் பக்கத்தில் வந்து சற்று நின்று கேட்டான். “அங்கிள், நீங்க மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்” என்றான். எந்தப் பெரியப்பாவிடமிருந்து தப்பி இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தேனோ, அவர் வேறு பெயரில் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறார்.

2020 ஊரடங்கில் கோயில்களைப் பூட்டினார்கள். அந்த ஈஸ்டரை எங்கள் வீட்டில் எல்லாச் சபைகளும் ஒரே கூரையின் கீழ் கொண்டாடின: கூடத்தில் நான் எங்கள் சபையின் ஜூமில், மாடியில் மகள் யாரோ ஆங்கிலப் போதகரின் யூடியூபில், அம்மா தன் அறையில் டிவியில். என் முழுக்குக்காகச் சமையலறையில் ஒப்பாரி வைத்த அதே அம்மாவுக்கு இப்போது விடிந்தால் டிவி போதகர்கள் வேண்டும். கையைத் தூக்கி, கண்ணை மூடி, கட்டிலில் இருந்தபடியே ‘ஸ்தோத்திரம்’ சொல்கிறாள். 1947இல் ஆயர்களும் பிஷப்புகளும் வருஷக்கணக்கில் பேசி முடித்த ஐக்கியத்தை ரிமோட் ஒன்று சத்தமில்லாமல் தாண்டிவிட்டது.

இந்த நிலைமையில்தான் மகள் போன வருஷம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: “அப்பா, நான் தாத்தாவோட கோயிலுக்குப் போகலாம்னு இருக்கேன். அமைதியா இருக்கும். பாட்டு நாலு சரணத்துல முடிஞ்சிடும்.” ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், வாரம் முழுக்கச் சத்தம் அவளுக்கு. நான் எங்கள் சபையில் மூப்பர். பரம்பரையாக எங்கள் வீட்டில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தைக் கூட்டினேன். தங்கச்சி மஸ்கட்டிலிருந்து வாட்ஸாப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மச்சான் வீடியோவில் வந்து மியூட்டை எடுக்காமலே ஏதோ பேசிவிட்டுப் போனார். அம்மா டிவியைப் பார்த்தபடி, “கோயிலுக்கு எதுக்கு அலையுறா? இதுலயே வருதே” என்றாள். கல்யாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது என்று கேட்டேன்; ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்கிறதே என்றாள் மகள். கல்லறைக்கு என்ன செய்வாய் என்றேன். எலக்ட்ரிக் போதும் என்றாள். வேறு வழியில்லாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மனைவியிடம், “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்றேன். “சாப்பிட்டுட்டுத்தானே இருக்கேன்?” என்று மகள் சிரித்தாள். கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் கோயில் மாற எவ்வளவு செலவாயிற்று! அப்பாவின் பேச்சு, அம்மாவின் சோறு, ஊரில் பெயர், ஒரு ஜோடி கண்ணாடி. விலை கொடுத்து வாங்கியதால் பத்திரமாக வைத்திருந்தோம். இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. நல்லதுதான், யாரும் அழுவதில்லை. யாரும் கவனிப்பதும் இல்லை.

மகள் முறைப்படி அங்கத்தினராகச் சேரப் போனாள். பொருளாளர் பழைய பதிவேட்டைப் புரட்டி, குடும்பப் பெயரைத் தேடி எடுத்தாராம். என் பெயர் அதில் அடிக்கப்படாமல் இருந்திருக்கிறது. 1987லிருந்து மாதாமாதம் என் பெயரில் சந்தா கட்டப்பட்டிருக்கிறது, அப்பாவின் கையெழுத்தில். பேசாமல் இருந்த நாட்களிலும் ஒரு மாதம் விட்டுப்போகவில்லை. அவர் இறந்ததற்குப் பிறகுதான் பாக்கி. மகள் ரசீதுப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கூடவே பொருளாளர் கூட்டிப்போட்ட பாக்கித் தொகையையும், பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடையும்.

கட்டிவிட்டேன். முழுவதையும், இந்த மாதம் வரைக்கும். ஆக, போகாத கோயிலில் நான் பாக்கியில்லாத அங்கத்தினன். எங்கள் பாஸ்டருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், முக்காலியில் உட்காரவைத்துக் கண்டிப்பார், இரண்டு படகில் கால் வைக்கிறாயா என்று கேட்பார். வரட்டும். இந்த விஷயத்துக்காக என்னை ஒருவர் திட்டி வெகுகாலம் ஆகிறது.